தம்புள்ளையில் திரும்பாத வண்டிகள்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் மனைவி, பிள்ளைகளுடன் நாட்டுக்கு வருகிறாராம். மூன்று வாரப் பயணத்துக்கான திட்டத்தை முன்னரே எழுதி அனுப்பியிருந்தார். நல்லூர் இருந்தது; கீரிமலை இருந்தது; நயினாதீவு, திருக்கோணேஸ்வரம், நுவரெலியா, காலியில் இரண்டு நாள் கடற்கரை, கொழும்பில் இரண்டு நாள் கடைத்தெரு என எல்லாம் இருந்தன. கட்டுநாயக்காவில் இறங்கி யாழ்ப்பாணம் செல்லும் வழியில் தம்புள்ளையில் தேநீருக்கென அரை மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் சிகிரியாவை மட்டும் காணவில்லை.

"தம்பி, பிள்ளையளைச் சிகிரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது அவையின்ர இடமெல்லோ அண்ணை. நாங்கள் போய் என்னத்தைப் பாக்கிறது?" என்றார்.

இந்தப் பதிலை நான் கேட்பது இது முதல் தடவையன்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்க்கையில் ஆசிரியர்களிடமும் வர்த்தகர்களிடமும் சக பத்திரிகையாளர்களிடமும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். இலங்கையிற் படிக்கும் நமது பிள்ளைகள் காசியப்பனையும் சிங்கப் பாதங்களையும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுட் பலர் அந்தப் பாறையைக் கண்ணாற் கண்டதில்லை.

ஆனால் இதே மனிதர்கள் பாரிஸுக்குச் சென்றால் வேர்சாய் மாளிகையை விடுவதில்லை. பதினான்காம் லூயியின் கண்ணாடி மண்டபத்தில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். இலண்டனுக்குச் சென்றால் பக்கிங்ஹாம் மாளிகையின் கம்பி வேலிக்கு முன்னால் குடும்பமாக நிற்கிறார்கள். 1796 முதல் 1948 வரை இந்தத் தீவை ஆண்ட முடியின் மாளிகை அது. அதைப் பார்ப்பதற்கு அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. லூயி மன்னன் நமக்கு எந்த வகையில் உறவு? வேர்சாய்க்குப் போகும்போது எழாத "அவையின்ர இடம்" என்ற எண்ணம் தம்புள்ளைச் சந்தியில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

இந்த மனநிலை தவறானது என்பதே இப்பத்தியின் வாதம். சிகிரியா அதைக் கட்டுவித்த அரசனோடு முடிந்துபோன சொத்துமன்று. அவனுடைய வாரிசுகள் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரின் தனிச்சொத்துமன்று. கல் சுமந்து அதைக் கட்டியவர்களுக்கும், பின்னர் அதைப் பார்க்க வந்தவர்களுக்குமே அது உரியது. இதற்கான சான்று அந்த மாளிகையின் சுவரிலேயே எழுதப்பட்டுள்ளது.

முதலில் தோட்டத்தைப் பார்ப்போம். பலர் பாறையின் உச்சியை நோக்கி விரைந்து செல்வதால் தோட்டத்தைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள். மேற்கு வாயிலால் அகழியைக் கடந்து நுழைபவரின் முன் ஒரு நேர்ப்பாதை பாறையை நோக்கி நீள்கிறது. பாதையின் இருமருங்கிலும் ஒன்றுக்கொன்று ஒத்த குளங்கள். நீர் சூழ்ந்த திடல்கள். அதன் அப்பால் இயற்கைப் பாறைகளை அசைக்காமலே அவற்றுக்கிடையே அமைத்த பாறைத் தோட்டம். அதற்கு மேல் படிப்படியாக உயரும் தளத் தோட்டம். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 3 கிலோமீற்றரும் வடக்குத் தெற்காக ஏறக்குறைய 1 கிலோமீற்றரும் பரந்த ஒரு திட்டமிட்ட நகரத்தின் நடுவே சுமார் 180 மீற்றர் உயரத்துக்கு அந்தப் பாறை எழுந்து நிற்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தோட்டம் ஒன்றை அதன் வடிவமைப்புத் தெரியும்படி இன்றும் நடந்து பார்க்கக்கூடிய இடங்கள் ஆசியாவில் மிகச் சிலவே.

அந்த நீர்த் தோட்டத்தில் துளையிட்ட வட்டமான சுண்ணக்கற் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. நிலத்தின் கீழே நீர்வழிகள் ஓடுகின்றன. உயரத்தில் தேங்கிய நீரின் அமுக்கம் மட்டுமே அந்தத் துளைகளினூடாக நீரை மேலே எழச் செய்கிறது. மாரி காலத்தில் நிறைய மழை பெய்தால் அந்த நீரூற்றுகள் இன்றும் பீறிடுகின்றன. ஏறக்குறைய 1,200 ஆண்டுகளின் பின்னர் வேர்சாயின் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக லூயி மன்னன் சேன் நதியில் 14 பெருஞ் சக்கரங்கள் கொண்ட இயந்திரத்தை நிறுவினான். அப்படியிருந்தும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே வேளையில் இயக்கப் போதிய நீர் கிடைக்கவில்லை. பாரிஸில் வியந்து நிற்கும் நம்மவர் இந்தத் துளையிட்ட கல்லையும் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

இந்தத் தோட்டத்தை வகுத்தவர் யார்? பாறைச் சரிவிலே செங்கற் சுவருக்குப் பிடிமானமாக ஆயிரக்கணக்கான வெட்டுகளைச் செதுக்கியவர் யார்? உச்சியிலே பாறையைக் குடைந்து தடாகம் செய்தவர் யார்? அவர்களின் பெயர்களை எந்த நூலும் நமக்குத் தரவில்லை. நூல்கள் தருவதெல்லாம் அரசனின் கதைதான்.

அந்தக் கதை யாவரும் அறிந்தது. கலாவாவியைக் கட்டிய தாதுசேனனைச் சேனாதிபதி மிகாரனின் தூண்டுதலால் அவனுடைய மகன் காசியப்பன் சிறைப்பிடித்துக் கொல்வித்தான். பட்டத்தரசியின் மகனான முகலன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான். காசியப்பன் அநுராதபுரத்தை விட்டுச் சிகிரியாவில் அரண்மனை அமைத்து 477 முதல் 495 வரை ஆண்டான். பின்னர் முகலன் துணைவருடன் திரும்பி வந்தபோது, போர்க்களத்தில் யானை சற்றுத் திரும்பியதை அரசனின் பின்வாங்கல் எனக் கருதிப் படை கலைந்தோட, காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்து மாண்டான். சூளவம்சம் சொல்லும் கதை இது. வழிகாட்டிகள் இதை மட்டுமே சொல்கிறார்கள். நமது பாடநூலும் இதை மட்டுமே சொல்கிறது.

இந்தக் கதையில் தமிழன் சிங்களவன் சண்டை எங்கே இருக்கிறது? இருப்பது தந்தை மகன் சண்டை, அண்ணன் தம்பி சண்டை. மகாபாரதம் படித்தவருக்கு இது புதிதன்று. இதிலே "அவை" யார், "நாங்கள்" யார்?

சிகிரியாவின் வரலாறு அந்தப் பதினெட்டு ஆண்டுகளோடு அடங்கிவிடுவதுமன்று. பாறைத் தோட்டத்துக் குகைகளின் நெற்றியில் மழைநீர் வடிவதற்கென வெட்டிய விளிம்புகளையும், அவற்றின் கீழே கொடையாளர் பெயர் பொறித்த பிராமிக் கல்வெட்டுகளையும் காணலாம். காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அங்கே துறவியர் வாழ்ந்தார்கள். அவன் மாண்ட பின்னரும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். இது அரண்மனையே இல்லை, துறவிமடமே என்று முன்னாள் தொல்பொருள் ஆணையாளர் ராஜா டி சில்வா வாதிட்டார். குபேரனின் அளகாபுரியைப் பூமியில் அமைக்கும் முயற்சி இது என்று சேனரத் பரணவிதான கருதினார். பாறைச் சுவரிலே முகில்களுக்கு மேலாகத் தோன்றும் அந்த ஓவியப் பெண்களைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. கோயிலுக்குச் செல்லும் அரசவைப் பெண்கள் என்றார் எச். சி. பி. பெல். விண்ணுலக மங்கையர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மின்னலும் முகிலும் பெண்ணுருக் கொண்டவை என்றார் பரணவிதான. அறிஞர்களே முடிவுகட்டாத ஓர் இடத்துக்கு நாம் மட்டும் எவ்வளவு எளிதாக உறுதி எழுதிக் கொடுத்துவிட்டோம்!

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். ஓவியங்களுக்குக் கீழே நடைபாதையின் ஓரமாக ஒரு மதில் செல்கிறது. சாந்து பூசி மெருகேற்றப்பட்டதால் கண்ணாடிச் சுவர் எனப் பெயர் பெற்றது. அரசன் மாண்டு சில நூற்றாண்டுகள் கழிந்தபின், கைவிடப்பட்ட அந்த மாளிகையைப் பார்ப்பதற்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். துறவிகள் வந்தார்கள், படைவீரர் வந்தார்கள், அரச அலுவலர் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். வந்தவர்கள் அந்த மதிலிலே கூரிய முனையாற் கீறி எழுதினார்கள். ஓவியப் பெண்களின் அழகில் மயங்கியவர் எழுதினார். அந்தப் பெண்கள் வாய் திறந்து பேசவில்லையே எனக் குறைப்பட்டவர் எழுதினார். தன் பெயரையும் ஊரையும் சொல்லி "நான் எழுதினேன்" என முடித்தவரும் உண்டு. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான அத்தகைய 685 செய்யுள்களைப் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பழைய சிங்கள மொழியின் வளர்ச்சியை ஆராய்வோருக்கு இன்று அது ஒரு கருவூலம்.

சிந்தித்துப் பாருங்கள். அரசவைப் புலவர் எவரும் எழுதாத ஒரு நூல் அது. எழுதியவர்கள் சுற்றுலா வந்தவர்கள். அவர்களுள் அரசனைப் பாடியவர் சிலர். ஓவியத்தைப் பாடியவரே மிகப் பலர். பதினெட்டு ஆண்டு ஆண்டவனின் அரண்மனையில் முந்நூறு ஆண்டு காலம் பார்வையாளர் எழுதினார்கள். உலகில் வேறெந்த அரண்மனையிலும் பார்க்க வந்தவர்களின் குரல் இத்தனை தொன்மையோடும் இத்தனை நிறைவோடும் எஞ்சியிருப்பதாக நான் அறியேன்.

அதே சுவரிலேதான் 2015 பெப்ரவரியில் ஒரு சம்பவம் நடந்தது. கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த இளம் தமிழ்ப் பெண் ஒருவர் அந்த மதிலில் தன் பெயரைக் கீறினார். கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு ஈராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஏழைக் குடும்பத்துப் பெண் என்ற செய்தி வெளியானதும் நாடெங்கும் குரல் எழுந்தது. சிங்களப் பத்திரிகையாளர்களும் எழுதினார்கள். அதே ஆண்டில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்க, அவர் வீடு திரும்பினார்.

நான் இங்கே சுவரிற் கீறுவதை நியாயப்படுத்த வரவில்லை. அந்த மதிலில் இன்று கீறப்படும் ஒவ்வொரு எழுத்தும் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓர் எழுத்தை அழித்துவிடக்கூடும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அவசியமானது. 1967 ஒக்டோபரில் விஷமிகள் அந்த ஓவியங்களின் மீது பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்ததையும், இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி அவற்றை மீட்கப் பட்ட பாட்டையும் அறிந்த எவரும் காவல் வேண்டாம் எனச் சொல்லமாட்டார்கள். ஆனால், தான் தொட்ட சுவர் இன்னது என்று அந்தப் பெண்ணுக்கு அவருடைய தாய்மொழியில் யார் எடுத்துச் சொன்னார்கள்? எச்சரிக்கை செய்து, தண்டம் விதித்து, அந்த 685 செய்யுள்களுள் ஒன்றைத் தமிழிற் சொல்லிக் காட்டி அனுப்பியிருந்தால், ஊருக்குத் திரும்பி அந்தச் சுவருக்காகப் பேசும் ஒருவர் கிடைத்திருப்பார். ஈராண்டுச் சிறை என்ற தீர்ப்பு என்ன செய்தது? "அது அவையின்ர இடம்" என்ற நமது பழைய பல்லவிக்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

ஆகவே காவலர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதன் பின்னரும் இந்நாட்டின் பொது அறிவிப்புப் பலகைகளில் தமிழ் எவ்வாறு சுருங்கியும் பிழைபட்டும் கிடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவர். நான் கடைசியாகச் சிகிரியாவுக்குச் சென்ற நாளில் தமிழில் விளக்கக்கூடிய ஒரு வழிகாட்டியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஜேர்மன் மொழியிலும் ரஷ்ய மொழியிலும் விளக்கம் நடந்துகொண்டிருந்தது. யுனெஸ்கோ 1982இல் உலக மரபுரிமையாக அறிவித்த ஓர் இடத்தில், அந்த நாட்டின் அரச கரும மொழியைப் பேசுபவன் மற்றவர்களின் விளக்கத்தை ஓரமாக நின்று ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு நியாயமும் நம்மவர் பக்கத்தில் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இந்நாட்டிலே தொல்லியல் பல வேளைகளில் மண்வெட்டியாக இருப்பதை விட்டு எல்லைக் கல்லாகியிருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்துக்கான செயலணியில் நியமனத்தின்போது ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. தனது காணியிலே கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டால் காணியே பறிபோகுமோ என அஞ்சும் விவசாயியிடம் சென்று, பண்டைய கலையின் அழகைப் பற்றி உபதேசிக்க எனக்கு நா எழாது. அந்தக் கசப்பு உண்மையானது.

ஆனால் கசப்பு உண்மையானது என்பதால் அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு முடிவும் சரியானதாகிவிடாது. நாம் போகாமல் விடுவதால் யாருக்கு நட்டம்? வரலாறு ஓர் இனத்துக்கு மட்டுமே உரியது எனக் கூவுவோருக்கு அதனால் இலாபமே. அவர்கள் கேட்டதும் அதைத்தானே! கதவைச் சாத்த வந்தவனுக்கு நாமே உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுக்கிறோம்.

நமக்கு வேறொரு முன்மாதிரி உண்டு. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக இந்தத் தீவின் கிராமங்களெங்கும் அலைந்தார். அப்போது கண்டியச் சித்தர்களும் கொல்லர்களும் நெசவாளர்களும் கைவிட்டுக்கொண்டிருந்த கலைகளைக் கண்டு வருந்தி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அத்துறையில் அது இன்றும் அடிப்படை நூல். "அது அவையின்ர கலை" என்று அந்தத் தமிழன் ஒதுங்கவில்லை. நடராஜ வடிவத்தைப் பற்றி உலகுக்கு எழுதிய அதே கைதான் சிகிரியாவின் பெண்களைப் பற்றியும் எழுதியது. அவரைத் தமிழர் எனப் பெருமை பேச நமக்குத் தெரிகிறது. அவர் நடந்த வழியில் அரை மணி நேரம் வண்டியைத் திருப்ப மட்டும் மனம் வருவதில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரு மக்களின் நினைவு அழிக்கப்படுவது எத்தகைய வலி என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அந்த வலியை அறிந்தவர்களே பிறருடைய நினைவுச் சின்னத்தின் முன் மற்றெவரையும்விட மரியாதையோடு நிற்கத் தகுதி பெற்றவர்கள். நம் நூலகத்துக்காகச் சிங்கள வாசகர் வருந்த வேண்டும் என எதிர்பார்க்கும் நாம், கண்ணாடிச் சுவரின் செய்யுள்களுக்காக ஒரு காலைப்பொழுதையாவது செலவிட வேண்டாமா?

நான் முதன்முதலாகச் சிகிரியாவுக்குச் சென்றது 1990களின் தொடக்கத்தில், பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது. சக மாணவர்களான மூன்று சிங்கள நண்பர்களுடன் பேருந்தில் சென்றேன். வழியில் மூன்று இடங்களில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்று இடங்களிலும் என்னுடைய அடையாள அட்டை மட்டுமே நீண்ட நேரம் புரட்டப்பட்டது. மூன்றாவது இடத்தில் திரும்பிவிடலாம் என்றேன். நண்பர்களுள் ஒருவன் கேட்கவில்லை. உச்சிக்குப் போகாமல் கண்ணாடிச் சுவரின் அருகிலேயே ஒரு மணி நேரம் நின்று, தனக்கும் அரைகுறையாகவே விளங்கிய அந்தப் பழைய எழுத்துகளைப் பற்றித் தான் படித்ததையெல்லாம் எனக்குச் சொன்னான். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தச் சுவர் அவனுடையதாகவும் இருந்தது, என்னுடையதாகவும் இருந்தது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு நுழைவுக் கட்டணம் முப்பது டொலருக்கு மேல். பிறந்த நாட்டிலேயே அந்நியனுக்குரிய கட்டணமா எனச் சிலர் கொதிக்கிறார்கள். கொதிப்பு நியாயமே. ஆனால் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஹெலிகொப்டரில் வந்திறங்கிப் படம்பிடிக்கும் சமூகத்தினர் நாம். பணம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

தொலைபேசியில் இவற்றையெல்லாம் என் உறவினருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாப்பம் அண்ணை, மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். மகளுக்குப் பதினைந்து வயது. சென்ற கோடையில் வேர்சாய்க்குப் போய் வந்தவள்.

அவள் வருவதானால் சில குறிப்புகள். வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே போய்ச் சேருங்கள். படிகள் ஆயிரத்துக்கு மேல். முழங்கால் வலியுள்ளவர்கள் நீர்த் தோட்டத்தோடு நின்றுகொண்டாலும் குறைவில்லை. பாறையிலே குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடவேண்டாம். சுவரைத் தொடவேண்டாம். எழுத விரும்பினால் ஒரு கொப்பி கொண்டு போங்கள். பெயரையும் ஊரையும் எழுதி, கண்டதைத் தமிழில் எழுதுங்கள்.